மழை நாலு மாதம், தாகம் பன்னிரண்டு மாதம்

கேள்வி இது: உலகம் முழுக்கத் தண்ணீர்ப் பஞ்சம் பெருகுகிறது என்கிறார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, நதி இணைப்பு, பெரிய அணை என்றெல்லாம் பேச்சு நடக்கிறது. இவை எதுவும் இல்லாமல் கூரைத் தொட்டி, தடுப்பணை, வடிகட்டி போன்ற எளிய தொழில்நுட்பங்களால் உண்மையிலேயே ஏதாவது தீருமா? இல்லை, அதெல்லாம் மனதைத் தேற்றிக்கொள்ளும் வேலைதானா?

தீரும். குடிநீரைப் பொறுத்தவரை லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு ஏற்கெனவே தீர்ந்திருக்கிறது. விவசாயத்துக்கு ஓரளவு உதவும். சில இடங்களில் தீராது. அதையும் கடைசியில் சொல்கிறேன். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் ஊருணி, கண்மாய் சீரமைக்கும் வேலைகளில் பல வருடம் இருந்தவன் என்பதால் இந்தக் கேள்வியை நானே என்னிடம் பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பாதுகாப்பான குடிநீர் வீட்டுக்கு வந்து சேராதவர்கள் உலகத்தில் சுமார் 220 கோடிப் பேர் என்று ஐ.நா. அமைப்புகள் 2022-க்கான கணக்கில் சொல்கின்றன. இவர்கள் எல்லோரும் பாலைவனத்தில் வாழ்கிறவர்கள் இல்லை. இவர்களில் பலருடைய ஊரில் மழை பெய்கிறது. வருடத்துக்கு 500, 600 மில்லிமீட்டர்கூடப் பெய்கிறது. குடிக்கவும் சமைக்கவும் ஒரு குடும்பத்துக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு தண்ணீர் அவர்கள் தலைக்கு மேலேயே விழுகிறது. ஆனால் விழும் மாதம் வேறு, தேவைப்படும் மாதம் வேறு. ஐப்பசியில் பெய்ததைச் சித்திரை, வைகாசி வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். என் அனுபவத்தில் தண்ணீர்ப் பஞ்சத்தின் பெரும்பகுதி இந்தக் கால இடைவெளியில்தான் இருக்கிறது. எளிய தொழில்நுட்பங்களில் நன்றாக வேலை செய்தவற்றை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் எல்லாமே இந்த ஒரு வேலையைச் செய்பவைதான். ஒரு மாதத்து நீரை இன்னொரு மாதத்துக்குக் கடத்துவது.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பிரேசில்.

பிரேசிலின் வடகிழக்கில் ஒரு பெரிய வறண்ட நிலப்பரப்பு இருக்கிறது. செர்த்தாவ் என்பார்கள். முள்மரமும் கள்ளியும் நிறைந்த காடு, ஆடு மாடு வளர்ப்பு, மூன்று நான்கு மாத மழை, அப்புறம் நீண்ட கோடை. நம் ராமநாதபுரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தது போல இருக்கும். இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்கள் அங்கே வாழ்கிறார்கள். 1877 முதல் 1879 வரை அந்த நிலத்தில் வந்த பெரும் வறட்சியில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். அதே வருடங்களில்தான் நம் பக்கம் தாது வருஷப் பஞ்சம். இரண்டுக்கும் பின்னால் இருந்தது பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ என்ற ஒரே நிகழ்வு. பூமியின் இரு பக்கங்களிலும் ஒரே காரணத்தால் மக்கள் மடிந்திருக்கிறார்கள் என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு பிரேசில் அரசு எடுத்த வழி பெரிய அணை. செத்ரோ என்ற முதல் பெரிய நீர்த்தேக்கம் 1906-இல் முடிந்தது. 1909-இல் வறட்சியை எதிர்க்கவென்றே ஒரு தனித் துறை வந்தது. அடுத்த எழுபது எண்பது வருடங்களில் எத்தனையோ அணைகள் கட்டினார்கள். நீர் தேங்கியது. ஆனால் அது தேங்கிய இடம் பெரும்பாலும் பெரிய பண்ணைக்காரர்களின் நிலத்தை ஒட்டி. சிதறிக் கிடந்த குடிசைகளில் இருந்த பெண்கள் தலையில் டின்னைச் சுமந்து மைல்கணக்கில் நடப்பது நிற்கவில்லை. கோடையில் தண்ணீர் லாரி வரும். லாரியை அனுப்புகிறவர் உள்ளூர் அரசியல்வாதி. தேர்தலில் அவருக்கே ஓட்டு. தண்ணீருக்காகக் கை கட்டி நின்ற கதையை அந்தப் பகுதி முதியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

இதை மாற்றியது ஒரு சிமென்ட் தொட்டி. செர்ஜிப்பி மாநிலத்துக் கொத்தனார் ஒருவர் பிழைப்புக்காக சாவ் பாவ்லோ போனார். அங்கே நீச்சல் குளம் கட்டும் வேலையில் சிமென்ட் பலகைகளை வைத்து வட்டச் சுவர் எழுப்பும் நுட்பத்தைக் கற்றார். ஊர் திரும்பியதும் அதை வைத்து மழைநீர்த் தொட்டி கட்டினார் என்று அங்கே சொல்கிறார்கள். செய்முறை இதுதான். தரையிலேயே மணல் பரப்பி, மரச்சட்டத்துக்குள் கலவை ஊற்றி, கொஞ்சம் வளைவான சிறு பலகைகளாக வார்ப்பார்கள். வட்டமாகக் குழி தோண்டி, அடியில் கான்கிரீட் போட்டு, பலகைகளை ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்துவார்கள். வெளிப்புறம் கம்பியை இறுக்கிச் சுற்றி, உள்ளும் புறமும் பூசுவார்கள். மேலே கூம்பு மாதிரி ஒரு மூடி. பாதி உடல் மண்ணுக்குள், மீதி வெளியே, வெள்ளையடித்து. கூரையின் ஓரத்தில் தகரத் தாழ்வாரம், அதிலிருந்து ஒரு குழாய். நம் ஊர்க் கொத்தனார் யாரிடமும் படத்தைக் காட்டினால் ஒரு வாரத்தில் கட்டிவிடுவார்.

தொட்டியின் கொள்ளளவு 16,000 லிட்டர். இந்த எண்ணை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 சதுர மீட்டர் கூரை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 500 மில்லிமீட்டர் பெய்தால் 20,000 லிட்டர். சிந்தியது, ஆவியானது, முதல் மழையில் கூரையைக் கழுவ விட்டது போக 16,000. ஐந்து பேர் கொண்ட குடும்பம், எட்டு மாதக் கோடை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 13 லிட்டர் வருகிறது. குடிக்க, சமைக்க, பல் துலக்கப் போதும். குளிக்கவும் துணி துவைக்கவும் வேறு நீர். சாதாரண ஓட்டுக் கூரையும் ஓரளவு மோசமான மழையும் போதும் என்பதே இந்தக் கணக்கின் பலம்.

1999-இல் அந்தப் பகுதியின் நூற்றுக்கணக்கான விவசாயச் சங்கங்களும் தேவாலயக் குழுக்களும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து ஆசா என்ற கூட்டமைப்பை உருவாக்கின. ‘வறட்சியோடு சண்டை’ என்று அரசு சொல்லிவந்த இடத்தில் இவர்கள் ‘வறண்ட நிலத்தோடு சேர்ந்து வாழ்தல்’ என்றார்கள். பத்து லட்சம் தொட்டிகள் என்று இலக்கு வைத்தார்கள். 2003-இல் அரசுப் பணம் வரத் தொடங்கியது. இன்று அந்த இலக்கைத் தாண்டியாகிவிட்டது.

எண்ணிக்கையைவிட, அதைச் செய்த விதம்தான் எனக்கு முக்கியம். யாருக்குத் தொட்டி முதலில் என்பதை ஊர்க்குழு முடிவு செய்தது. குழந்தைகள் உள்ள வீடு, பெண் தலைமை தாங்கும் வீடு, முதியவர்கள் உள்ள வீடு முதலில். குழி தோண்டுவது குடும்பத்தின் வேலை. கட்டுவது அதே வட்டாரத்தில் பயிற்சி பெற்ற கொத்தனார். பெண்களும் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். தொட்டி கிடைக்கும் முன் குடும்பம் பயிற்சிக்கு வந்து உட்கார வேண்டும். முதல் மழையை உள்ளே விடக் கூடாது, கூரையைக் கழுவட்டும். வாளியை உள்ளே விடக் கூடாது, கைப்பம்பு மட்டும். குழாய் வாயில் வலை. மூடியில் விரிசல் தெரிந்தால் உடனே பூச்சு. இவை எல்லாம் அந்தப் பயிற்சியில்.

2011-இல் இதற்கு ஒரு சோதனை வந்தது. வேகமாக முடிக்க வேண்டும் என்று நினைத்த அரசு, தொழிற்சாலையில் செய்த பிளாஸ்டிக் தொட்டிகளை லாரியில் இறக்கத் தொடங்கியது. விலை சிமென்ட் தொட்டியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வெயிலில் சில உருகி நெளிந்துபோயின. உடைந்தால் ஒட்ட உள்ளூரில் ஆள் இல்லை. அந்த டிசம்பரில் பெத்ரோலினா நகரில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் ஊர்வலமாகத் திரண்டு, எங்களுக்கு எங்கள் தொட்டிதான் வேண்டும் என்றார்கள். இலவசமாக, சீக்கிரமாக வருவதை வேண்டாம் என்று சொல்ல ஒரு ஏழை விவசாயி தெருவுக்கு வருகிறார் என்றால், அந்தச் சிமென்ட் தொட்டி அவர் வாழ்க்கையில் என்னவாக ஆகியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து 2012-இல் தொடங்கி ஐந்தாறு வருடம் பெரும் வறட்சி. பல பத்தாண்டுகளில் அப்படி ஒன்று வந்ததில்லை. தொட்டிகள் மழையால் நிரம்பாத வருடங்களில் ராணுவ லாரிகள் தண்ணீர் கொண்டுவந்து அவற்றில் ஊற்றின. ஆக, தொட்டி மட்டுமே காப்பாற்றியது என்று சொல்வது முழு உண்மையாகாது. ஆனால் லாரித் தண்ணீரை ஊற்றி வைக்க ஒவ்வொரு வீட்டிலும் மூடிய, சுத்தமான இடம் இருந்தது. பழைய வறட்சிகளில் நடந்தது போன்ற கூட்டம் கூட்டமான சாவும் ஊரைக் காலி செய்து ஓடுவதும் இந்த முறை நடக்கவில்லை.

இதே கூரைநீரைச் சேமிக்கும் வேலையை நாமும் செய்தோம். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. இந்தியாவுக்கே முன்மாதிரி என்று பேசப்பட்டது. அடுத்து வந்த நல்ல மழைகளில் சென்னையில் நிலத்தடி நீர் ஏறவும் செய்தது. ஆனால் 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வற்றின. அந்த ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் ரயில் வந்தது. நடுவில் என்ன நடந்தது?

நான் குடியிருந்த ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தைச் சொல்கிறேன். 2003-இல் விதிப்படி போட்ட சேகரிப்புக் குழி இருந்தது. மூடியைத் திறக்க எங்களுக்கு அரைநாள் பிடித்தது. மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். உள்ளே ஜல்லி தெரியவே இல்லை. கறுப்புச் சேறு, பிளாஸ்டிக் பை, வேர். மொட்டை மாடியிலிருந்து வரும் குழாயை யாரோ பெயின்ட் அடிக்கும்போது கழற்றித் தெருச் சாக்கடையில் விட்டிருந்தார்கள். பதினாறு வருடம் பெய்த மழை சாக்கடைக்குப் போயிருக்கிறது. ஆளாளுக்கு இரண்டாயிரம் ரூபாய் போட்டு, மூன்று ஆட்களை வைத்துத் தூர்வாரி, மறுபடி ஜல்லியும் கரியும் மணலும் நிரப்பினோம். அந்த வருட மழைக்கு அடுத்த மார்ச்சில் கிணற்றில் பத்தடி நீர் நின்றது. சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. அது வந்ததால்தான் தூர்வார ஒரு குழியாவது இருந்தது. ஆனால் அது யாருடைய குழி என்பது அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியவில்லை. செர்த்தாவில் தொட்டி வாங்கிய ஒரு வீட்டு அம்மாவுக்குத் தன் தொட்டி எது என்று தெரியும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மண்ணுக்குள் விடும் நீர் ஊருக்குப் பொது. நீங்கள் விடுவீர்கள், பக்கத்து வீட்டு ஆழ்துளைக் கிணறு உறிஞ்சும். தொட்டியில் பிடிக்கும் நீர் உங்களுடையது. அதனால் குடிநீருக்குத் தொட்டி, மற்றவற்றுக்கு மண் என்று இரண்டையும் வைத்துக்கொள்வதுதான் சரி என்று நினைக்கிறேன். பெர்முடா தீவில் ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. வெள்ளைச் சுண்ணாம்புப் படிக்கட்டுக் கூரையில் மழையைப் பிடித்து வீட்டுக்கு அடியில் தொட்டியில் வைப்பது அங்கே பல நூறு வருடப் பழக்கம், சட்டமும்கூட. வசதியான நாடுதான். ஆக இது ஏழைகளின் ஏற்பாடு மட்டும் என்று எண்ண வேண்டாம்.

சரி, கூரையை விட்டு ஆற்றுக்கு வருவோம். கென்யாவில் நைரோபிக்குக் கிழக்கே மச்சாக்கோஸ், மக்குவேனி, கிட்டுயி என்று மூன்று மாவட்டங்கள். கம்பா மக்கள் வாழும் இடம். ஆறுகள் வருடத்தில் சில வாரம் மட்டும் ஓடும். மற்ற நாளெல்லாம் மணல். அங்கே மணல் அணை கட்டுகிறார்கள். ஆற்றின் குறுக்கே, அடியில் பாறை தட்டும் இடமாகப் பார்த்து, ஆளுயரத்துக்கு ஒரு கற்சுவர். வெள்ளம் வரும்போது மணலையும் வண்டலையும் அடித்து வரும். கனமான மணல் சுவருக்குப் பின்னால் தங்கும், மெல்லிய வண்டல் சுவரைத் தாண்டிப் போய்விடும். ஒன்றிரண்டு பருவ மழையில் சுவரின் உச்சி வரை மணல் நிறைந்துவிடும். நம் ஊரில் அணையில் மணல் நிறைந்தால் தூர்ந்துபோயிற்று என்று வருத்தப்படுவோம். இங்கே அதுதான் நோக்கமே. மணலின் இடுக்குகளில் அதன் கன அளவில் கால் பங்கு முதல் 40 சதவீதம் வரை நீர் நிற்கும். மேலே இரண்டு மூன்று அடி காய்ந்த பிறகு வெயில் உள்ளே எட்டாது, ஆவியாகாது. கொசு வராது. மாடு இறங்கிக் கலக்க முடியாது. மணலே வடிகட்டி.

பாலாற்றிலோ வைகையிலோ ஊற்றுத் தோண்டிக் குடித்தவர்களுக்கு இது உடனே புரியும். ஆறு வற்றிய பிறகும் கையால் மணலைப் பறித்தால் தெளிந்த நீர் சுரக்கும். பாலாற்று மணலிலிருந்து ஊற்றுக்கால் வெட்டி வயலுக்கு நீர் கொண்டுபோன ஊர்கள் வட ஆற்காடு முழுக்க இருந்தன. அந்த மணலைத்தான் லாரி லாரியாக அள்ளினோம். கட்டடம் கட்ட மணல் எடுத்தோம் என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் கோடைக்கான தொட்டியைப் பெயர்த்து எடுத்தோம். கென்யாவிலும் இதே நோய் உண்டு. நைரோபியின் கட்டடங்களுக்காக ஆற்று மணல் போகிறது. மக்குவேனி 2015-இல் மணல் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் போட்டது.

மணல் அணையை யார் கட்டுகிறார்கள்? கம்பா மக்களிடம் ம்வெத்யா என்று ஒரு வழக்கம். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஒருவர் வயலிலோ பொது வேலையிலோ முறை வைத்து உழைப்பது. நம் குடிமராமத்தின் பழைய பொருள் இதுதான். கல் சுமப்பதும் மணல் சுமப்பதும் ம்வெத்யா. சிமென்டுக்கும் கம்பிக்கும் மட்டும் வெளிப்பணம். ஜோஷுவா முக்குஸ்யா என்பவர் 1970-களின் இறுதியில் சில குடும்பங்களோடு தொடங்கியது பிறகு நூற்றுக்கணக்கான அணைகளாகப் பெருகியது. ஒரு எச்சரிக்கை: எல்லா ஆற்றிலும் இது முடியாது. அடியில் பாறை வேண்டும், வரும் மணல் பருமணலாக இருக்க வேண்டும். களிமண் கொண்டுவரும் ஓடையில் கட்டினால் சேறுதான் சேரும்.

லடாக்கில் காலத்தைக் கடத்தும் வேலையைப் பனி செய்கிறது. லே நகரத்தில் வருடத்துக்கு 100 மில்லிமீட்டர் அளவே மழையும் பனியும். விவசாயம் பனியாறு உருகி வரும் நீரில். ஆனால் பார்லி விதைக்க ஏப்ரல், மே மாதத்தில் தண்ணீர் வேண்டும். பனியாறு நன்றாக உருகுவது ஜூனில். குளிர்காலத்தில் ஓடை நீர் யாருக்கும் பயன்படாமல் சிந்துவில் கலக்கும். செவாங் நோர்பெல் என்ற அரசுப் பொறியாளர், மர நிழலில் திறந்துவிடப்பட்ட குழாய் நீர் உறைந்து கிடப்பதைப் பார்த்தார். ஓடையைச் சரிவில் மெல்லத் திருப்பி, கல்வரிசைகளுக்குப் பின்னால் உறைய விட்டால் வசந்தத்தில் உருகுமே என்று 1987 முதல் செயற்கைப் பனியாறுகள் அமைத்தார். பின்னர் சோனம் வாங்சுக் என்ற லடாக் பொறியாளர் அதையே நிமிர்த்தினார். மேட்டிலிருந்து குழாயில் வரும் நீர் தன் அழுத்தத்திலேயே, பம்பு இல்லாமல், நீரூற்றாகப் பீய்ச்சும். இரவுக் குளிரில் விழும்போதே உறைந்து கூம்பாக வளரும். பரப்பி வைத்த பனிக்கு வெயில் படும் இடம் அதிகம், கூம்புக்குக் குறைவு. 2014-இல் சுமார் ஒன்றரை லட்சம் லிட்டர் கொண்ட முதல் கூம்பு மே மாத நடுப்பகுதி வரை முழுதும் உருகாமல் நின்றது. குழாய்க்குள் நீர் உறைந்துவிடாமல் இரவெல்லாம் ஆள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எளிமை என்பது உழைப்பு இல்லாமை என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி தோற்றுப்போன ஒன்று. சிலியின் வடக்குக் கரையில் சுங்குங்கோ என்று சில நூறு பேர் கொண்ட மீனவ ஊர். மழை அநேகமாகக் கிடையாது. கடலிலிருந்து எழும் மூடுபனி மட்டும் மலையில் மோதிக்கொண்டே இருக்கும். கனடா நாட்டு உதவியோடு எல் தோபோ என்ற மலை மேல் நூறு வலைகள் வரை கட்டினார்கள். பச்சைக் குடில்களுக்கு நிழல்வலை போடுகிறோமே, அந்த மாதிரி வலைதான். பனித்துளி வலையில் ஒட்டி, சேர்ந்து, சொட்டி, குழாய் வழியே ஊருக்கு வரும். 1992 முதல் சராசரியாக நாளொன்றுக்கு 15,000 லிட்டர் வந்தது. தண்ணீர் லாரியை நம்பியிருந்த ஊரில் தோட்டம் வந்தது. வெளியே போனவர்கள் திரும்பினார்கள், ஊர் பெருத்தது, தேவையும் பெருத்தது. பத்து வருடத்தில் வலைகள் கிழிந்து காற்றில் ஆடின. தைக்க யாரும் போகவில்லை. ஊர் மக்களுக்கு அது வெளியாட்கள் கொண்டுவந்த தற்காலிக ஏற்பாடாகவே தெரிந்தது; அவர்கள் கேட்டது நிரந்தரமான குழாய் இணைப்பு. வலை நன்றாகத்தான் வேலை செய்தது. இன்று மொராக்கோவின் மலைகளில் அதே முறை, காற்றுக்குத் தாங்கும் வலைகளோடு, உள்ளூர் பெர்பெர் கிராமங்களுக்கு நீர் தருகிறது.

தண்ணீரின் அளவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். தரத்துக்கும் ஒரு வார்த்தை. வங்கதேசத்தில் மத்லாப் பகுதிக் கிராமங்களில் 2003-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. காலரா கிருமி குளத்து நீரில் தனியாக நீந்துவதைவிட, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் நுண்ணிய நீருயிரிகளில் ஒட்டிக்கொண்டுதான் அதிகம் இருக்கிறது. அந்த உயிரிகள் பழைய பருத்திச் சேலையை மடித்துப் பிடித்தால் சிக்கிவிடும். புதுச்சேலை உதவாது, துவைத்துத் துவைத்து நூல் பருத்து இடைவெளி சுருங்கிய சேலைதான் வேண்டும். எட்டு மடிப்பாகக் குடத்தின் வாயில் கட்டி நீர் மொண்ட வீடுகளில் காலரா கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. ரீட்டா கால்வெல் என்ற அறிவியலாளரின் குழு செய்த வேலை இது. நம் பாட்டிமார் குடத்தில் வேட்டித் துணி கட்டியதும் கலங்கல் தெளியத் தேற்றாங்கொட்டை உரசியதும் இந்த வகை அறிவுதான்.

ஆனால் அதே வங்கதேசம்தான் எளிய தொழில்நுட்பத்தின் மிகப் பெரிய துயரத்தையும் பார்த்தது. குளத்து நீரால் குழந்தைகள் சாகிறார்களே என்று 1970-களிலிருந்து லட்சக்கணக்கில் அடிகுழாய்கள் போட்டார்கள். மலிவு, எளிது, உள்ளூர் மேஸ்திரியே இறக்கிவிடுவார். வயிற்றுப்போக்கு குறைந்தது. நிலத்தடி நீரில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருக்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை. 1993-இல் தெரியவந்தபோது கோடிக்கணக்கானோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு 50 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான குழாய்களைச் சோதித்ததில் 14 லட்சத்துக்கு, குடிக்கக் கூடாது என்ற அடையாளமாகச் சிவப்புச் சாயம் அடிக்க வேண்டி வந்தது. அதனால் யாராவது எளிய தீர்வு என்று எதையாவது கொண்டுவந்தால் முதலில் நீரைச் சோதித்தார்களா என்று கேளுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரியில் ஃபுளோரைடு, இலங்கையில் வவுனியா, அனுராதபுரம் பக்கம் சிறுநீரக நோய் என்று நமக்கும் காரணங்கள் இருக்கின்றன. இலங்கையின் அந்த ஊர்களில் கிணற்றை விட்டுக் கூரைநீருக்கு மாறிய குடும்பங்கள் உண்டு. பூசணிக்காய் வடிவத்தில் 5,000 லிட்டர் சிமென்ட் தொட்டி அங்கே பலருக்கும் தெரிந்தது.

இப்போது எங்கே தீராது என்பதற்கு வருகிறேன். மனிதர் எடுக்கும் நன்னீரில் சுமார் 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. உலகத்தில் நிலத்தடி நீரை மிக அதிகமாக உறிஞ்சும் நாடு இந்தியா. பஞ்சாபில் இலவச மின்சாரத்தில் நெல்லுக்கு இறைக்கும் நீரை எந்தக் கூரைத் தொட்டியும் ஈடு செய்யாது. அங்கே மாற வேண்டியது கொள்முதல், மின்கட்டணம், பயிர். அது அரசியல் முடிவு, அதைத் தொழில்நுட்பத்தின் தலையில் போட முடியாது.

ஆனாலும் வயலுக்குள் ஒரு சின்னப் பொருள் இருக்கிறது. ஓரடி நீளப் பிவிசி குழாய், நான்கு அங்குல அகலம், கீழ்ப்பாதி முழுக்கத் துளை. அதை நடவு வயலில் அரையடி மண்ணுக்குள் இறக்கி உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட்டால், மண்ணுக்கடியில் நீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று எட்டிப் பார்க்கலாம். தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை வேருக்கு நீர் எட்டும். அதுவரை பாய்ச்ச வேண்டியதில்லை. பூக்கும் தருணத்தில் மட்டும் வயலில் நீர் தேங்கி நிற்க வேண்டும். பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை. நீர்த் தேவை 30 சதவீதம் வரை குறையும், விளைச்சல் குறையாது. நம் விவசாயிகள் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதுதான். குழாய் செய்வதெல்லாம், வயல் காய்ந்துவிட்டதோ என்ற பயத்தைப் போக்குவது. டீசலுக்குக் காசு கொடுத்து இறைக்கும் விவசாயி இதை உடனே பிடித்துக்கொள்வார். காசே இல்லாமல் மோட்டார் ஓடும் இடத்தில் குழாயை எட்டிப் பார்க்க ஒரு காரணம் வேண்டும். அதைக் கொடுக்காத வரை பரவாது.

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவில் யாக்கூபா சவாதோகோ என்ற விவசாயி கட்டாந்தரையில் கோடையிலேயே சாண் அகலக் குழிகள் வெட்டி எரு போட்டு மழைக்குக் காத்திருந்தபோது அவரைப் பைத்தியம் என்றார்கள். அந்த நிலத்தில் பிறகு காடே வளர்ந்தது. அதே வட்டாரத்தில் நீர் வழிந்தோடாமல் சம உயரத்தில் கல்வரிசை போட, உயரம் பார்க்க அவர்கள் பயன்படுத்தியது தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற டியூப். நம் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் அதே டியூப்.

உங்கள் வீட்டுக்கு என்ன செய்யலாம் என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி, வருடத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை என்றால் ஏறத்தாழ 60,000 லிட்டர் கைக்கு வரும். நாலு பேருக்கு ஆளுக்கு 12 லிட்டர் வீதம் 200 நாளைக்கு 9,600 லிட்டர். ஆக பத்தாயிரம் லிட்டர் சம்ப் ஒன்று குடிக்கவும் சமைக்கவும் போதும், மீதி கிணற்றுக்கு. புரட்டாசி முடியும் முன் மாடியைப் பெருக்கிக் கழுவுங்கள். சம்ப்புக்கு முன்னால் 100 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து, முதல் மழை அதில் நிரம்பிய பிறகே தொட்டிக்குப் போகிற மாதிரி குழாயைக் கட்டச் சொல்லுங்கள். டிரம்மின் அடியில் சொட்டுச் சொட்டாக வடியும்படி சிறு துளை இருந்தால் அடுத்த மழைக்கு அது தானே காலியாகியிருக்கும். வெளிச்சம் உள்ளே போகாதபடி மூடுங்கள், பாசி பிடிக்காது. காற்றுக் குழாயிலும் வழிந்தோடும் குழாயிலும் கொசுவலை. குடிப்பதற்குக் கொதிக்க வையுங்கள். மாடியில் புறாவும் காக்கையும் உட்காரும். ஒரு மூங்கில் குச்சியில் அரையடிக்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு மாதமும் முதல் தேதி தொட்டிக்குள் விட்டுப் பார்த்து அளவை உள்சுவரில் எழுதி வையுங்கள். வரும் சித்திரையில் அந்தச் சுவரைப் பார்த்தால், தொட்டி போதுமா, இன்னொன்று வேண்டுமா என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.